ராகு காலத்தில் உயர்ந்த கைகள்

எங்கள் அத்தை கட்சி மேலிடத்தில் கொடுத்த புகாரின் சாரம் இதுதான்: கூட்டம் சொன்ன நேரத்துக்கே ஆரம்பித்துவிட்டது.

சிரிக்காதீர்கள். இந்தப் புகாருக்காக டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியும் அக்கம்பக்கத்துச் சொசைட்டிகளும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்துத் தீர்த்துவிட்டன. உங்களுக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாங்கள் மூன்றாம் மாடி, அவள் முதல் மாடி. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்கு வந்தவள். மாமா மத்திய அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். அரசியல் என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அரசு ஊழியன் கட்சியில் சேரக் கூடாது என்று விதி இருக்கிறது, பெண்டாட்டி சேரக் கூடாது என்று இருக்கிறதா என்று அத்தை ஒரு நாள் கேட்டாள். மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு இல்லை என்றார். மறுநாளே பால்கனியில் கொடி ஏறிவிட்டது. அன்றிலிருந்து மாமா அலுவலகம் கிளம்பும்போது தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பதே இல்லை.

கட்சியில் அத்தைக்கு ஒரே வேலைதான், ஆள் சேர்ப்பது. யாராவது தலைவர் வருகிறார் என்றால் அத்தைக்குப் போன் வரும். தீதி, அதாவது அக்கா, முன்வரிசை காலியாக இருக்கக் கூடாது என்பார்கள். அத்தை சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையை நிரப்பிவிடுவாள். மேடையில் பேசுகிற இந்தி அவர்களில் பாதிப் பேருக்குப் பாதிதான் புரியும். அத்தை கைதட்டினால் தட்டுவார்கள், நிறுத்தினால் நிறுத்துவார்கள். அத்தனை பேருக்கும் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வட்டாரத்துக் கட்சித் தலைவரை உறுப்பினர்களே கை தூக்கித் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அத்தை நிற்கிறேன் என்றாள். எதிரே நின்றவர் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பஞ்சாபி அங்கிள். அவர் ரொம்ப நல்ல மனிதர். அத்தைக்கு அதுதான் பெரிய இடைஞ்சல், வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் இரட்டைப் பின்னலை ஒரு இழு இழுத்துவிட்டு மிட்டாய் கொடுப்பார். அத்தை நின்ற நாளிலிருந்து அந்த மிட்டாயை வாங்கலாமா கூடாதா என்பது எனக்குத் தீராத தர்மசங்கடமாக இருந்தது. வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, பராத் கர் என்று டெல்லிக்காரர்கள் சொல்லும் கல்யாணக் கூடத்தில். நேரத்தைக் கேட்டதும் அத்தையின் எதிர்வீட்டுக் கும்பகோணத்து மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தமிழ்ப் பெண்களில் யாரும் அந்த நேரத்தில் நல்ல காரியத்துக்கு வாசற்படி தாண்ட மாட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் ராகு, எமகண்டம், குளிகை மூன்றும் மாமியின் கட்டுப்பாட்டில் இருந்தன. அத்தைக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகுவுக்கு டெல்லியில ரேஷன் கார்டே இல்லை என்பாள். ஆனால் ஓட்டுக் கேட்கப் போனவள் ஓட்டுப் போடுகிறவர்களின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

அதுவும் இல்லாமல், அத்தைக்குக் கட்சியைத் தெரியும். நாலரை மணிக் கூட்டம் ஆறரைக்கு முன்னால் தொடங்கியதாகச் சரித்திரமே இல்லை. நாலரைக்கு நாற்காலி வரும், ஐந்தரைக்கு மைக் வரும், மைக் வேலை செய்யாது, ஆறு மணிக்கு வேறு மைக் வரும். ஆகவே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் ஆறு மணிக்கு மேல் சாவகாசமாக வாருங்கள், ராகு காலமும் போய்விடும், தேர்தல் நடத்துகிறவரும் வந்துவிடுவார், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து அனுப்பியிருந்த பார்வையாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆயுள் முழுக்க மணியடித்ததும் வகுப்புக்குள் நுழைந்து பழகிய மனிதர். நாலேகாலுக்கே வந்து நின்றார். மைக் வரவில்லை என்றார்கள். தொண்டை இருக்கிறது என்றார். நாலரை அடித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். அத்தை இப்படி ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை. பதறிப்போய் மாமிக்குப் போன் செய்தாள். அய்யய்யோ, ராகு காலம் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு என்று மாமி போனிலேயே அழாத குறையாகச் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

கைகளை எண்ணினார்கள். அத்தைக்கு ஐந்து கை குறைவு.

என் ஆட்கள் இன்னும் வர வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று அத்தை இந்தியில் மன்றாடினாள். அவள் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் அவ்வளவு பார்க்க மாட்டாள். சாதாரணமாக நான் திருத்துவேன், அன்று திருத்தத் தோன்றவில்லை. கைகளை எண்ணிய கட்சிக்காரர், சபாரி சூட் போட்டவர், நாற்காலியை மடக்கிக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னார்.

“அரே தீதி, வோ தோ பீட் ஹை.”

அது வெறும் கூட்டம்தானே என்று அர்த்தம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாற்காலியை நிரப்ப வருகிறவர்கள் ஓட்டுப் போடவும் வருவார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். அத்தையின் காது சிவந்துபோயிற்று.

ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் வந்தார்களே எங்கள் பெண்கள்! பட்டுப்புடவை, மேலே ஸ்வெட்டர், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைப்பூ. மாமி டப்பா நிறையக் கற்கண்டு கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் ஒரு ஆள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்கள். மாமி அந்தக் கற்கண்டு டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

மறுநாள் அத்தை கட்சி மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொன்னாள். முன்னறிவிப்பு இல்லாமல் சரியான நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கியதால் உறுப்பினர்கள் ஓட்டுப் போட முடியவில்லை, மறுபடி வைக்க வேண்டும்.

அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. அப்போதுதான் எல்லோர் கையிலும் வாட்ஸாப் வந்திருந்தது. சொசைட்டி குரூப்பில் விடிந்தால் கடிகாரப் படம், இருட்டினால் கடிகாரப் படம். அத்தைக்கு ‘சே பஜே வாலி ஆன்ட்டி’, ஆறு மணி ஆன்ட்டி என்று பெயர் வைத்தார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளியும் அப்பளமும் விற்கும் கடைக்காரர் நம்மூர்க்காரர்தான், அவருக்கும் சேதி எட்டியிருந்தது. இப்ப நல்ல நேரம்தான் அக்கா, தைரியமா உளுந்து வாங்கலாம் என்றார். பள்ளிக்கூட பஸ்ஸில் நான் ஏறினால் பையன்கள் டிங் டாங் என்று ஆறு தடவை மணியடிப்பார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அத்தை மேல் வந்த கோபத்தை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டுவேன்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள், அவர்கள் இன்னும் மோசம். டெல்லியில் ஒரு கட்சிக் கூட்டம் நேரத்துக்குத் தொடங்கியது என்றால் இதில் பெரிய சதி இருக்கிறது என்று காய்கறி வண்டிக்காரர் சத்தியமே செய்தார். பக்கத்து பிளாக் பஞ்சாபி ஆன்ட்டி, ராகு காலம் என்றால் என்ன என்று விசாரிக்க வந்தவள், மாமியிடம் ஏழு நாளுக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போய், மகனுக்கு வாங்கும் புது பைக்கைச் செவ்வாய்க்கிழமை எடுப்பதா புதன்கிழமை எடுப்பதா என்று குழம்ப ஆரம்பித்துவிட்டாள்.

இதையெல்லாம் அத்தை தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது வேறு. அவள் யாருக்காகப் புகார் கொடுத்தாளோ, அந்தப் பெண்களே அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். லிப்டில் அத்தை ஏறினால் படியில் ஏறினார்கள். எதிர்வீட்டு மாமி ஒரு நாள் வாசலில் நின்றபடியே, “விட்டுடுங்கோ. நமக்கெதுக்கு இந்த வம்பெல்லாம்? நாலு பேர் சிரிக்கறா” என்றாள். அத்தை கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து, அந்த சபாரி ஆளு சொன்னது சரிதான் போல, நானும் கூட்டம்தான் சேத்து வச்சிருக்கேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அத்தை அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

அந்த வாரத்தில்தான் கட்சியின் இன்னொரு கோஷ்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஹார்டுவேர் அங்கிளை அவர்களுக்குப் பிடிக்காது. அத்தை கொடுத்த காபியை உறிஞ்சிக்கொண்டே யோசனை சொன்னார்கள். நேரம் கீரம் என்று சொன்னால் எவனும் மதிக்க மாட்டான். கைகளைத் தப்பாக எண்ணினார்கள் என்று சொல்லுங்கள் தீதி, நாங்கள் இரண்டு பேரும் சாட்சி சொல்கிறோம், பதவி உங்களுக்குத்தான்.

ஒரே ஒரு வார்த்தை! சொல்லிவிட்டால் டிங் டாங் எல்லாம் நின்றுவிடும். அத்தையின் முழங்கையை யாருக்கும் தெரியாமல் கிள்ளினேன். அத்தை அவர்களுக்குத் தன் மதுரை இந்தியில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“சரியாத்தான் எண்ணுனாங்க. நானும் கூடவே எண்ணுனேன். அஞ்சு கை கம்மி. அதைப் பொய்யின்னு சொல்லிட்டா, அப்புறம் வராத கைக்கு நான் எப்படி நியாயம் கேக்கிறது?”

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அத்தைக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். எதிர்வீட்டுக் கதவு எப்போதும் போல ஒரு விரற்கடை திறந்திருந்தது. அத்தை வீட்டுக் கதவைச் சாத்தும்போது அதுவும் சாத்திக்கொண்டது.

கடைசியில் மாவட்டத் தலைவரே நேரில் வந்து விசாரிக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். அதே கூடம். எப்போது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி. வேண்டுமென்றே வைத்தார்களா, அறியாமல் வைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. போய் எல்லோரையும் கூப்பிடு என்று அப்பா சொன்னார். அத்தை மறுத்துவிட்டாள். “என் பேச்சக் கேட்டு வந்து ஒருக்கா அவமானப்பட்டது போதும். இனிமே எவ வீட்டுக் கதவையும் தட்ட மாட்டேன். வந்தா அவங்களா வரட்டும்.”

அந்த ஞாயிறு நல்ல குளிர். பகலிலேயே பனிமூட்டம். நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் அத்தை கிளம்பினாள், துணைக்கு நான். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அத்தை அந்தப் பூட்டைப் பார்த்தாள். வழியெல்லாம் என் கையை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

கூடத்தின் வாசலில் செருப்புகள் கிடந்தன. ஒரு குவியல்.

டெல்லியில் பராத் கருக்குள் நுழைய யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. ஷூவோடு மேடையிலேயே ஏறுவார்கள். நம்மவர்களுக்குத்தான் எங்கே நுழைந்தாலும் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். அத்தை அந்தக் குவியலின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே முன்வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை முழுக்க எங்கள் பெண்கள். புடவை, சால்வை, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ். மடியில் பச்சைப் பட்டாணி. குளிர்காலத்து டெல்லியில் உட்கார இடம் கிடைத்தால் எந்தப் பெண்ணும் பட்டாணிதான் உரிப்பாள், இவர்களும் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாமி. அத்தை பக்கத்தில் வந்ததும் மாமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

“நாலு மணிக்கே வந்துட்டோம். ராகு காலத்துல கெளம்பப்படாதுன்னுதான் பெரியவா சொல்லியிருக்கா. முன்னாடியே வந்து உக்காந்துண்டு இருக்கப்படாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துலயும் போடலை.”

ஜன்னலுக்கு வெளியே மப்ளர் கட்டிய ஒரு உருவம் தெரிந்தது. மாமா! அரசு ஊழியன் கட்சிக் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்றுதான் விதி, வெளியே நிற்கக் கூடாது என்று இல்லை என்று அவரும் யோசித்து முடித்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்கை நீட்டினார்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஹார்டுவேர் அங்கிளும் அவருடைய ஆட்களும் வந்துவிட்டார்கள். தலைவரைக் காணோம். மைக் வந்தது, வேலை செய்யவில்லை. அங்கிள் வீட்டுப் பெண்கள் சும்மா உட்கார முடியாமல் எங்கள் பக்கம் நகர்ந்து வந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி பட்டாணி எடுத்துக்கொண்டார்கள். உப்புமாவில் பட்டாணி போடலாமா என்று ஒரு பேச்சு எழுந்து இரண்டு மொழியிலும் சூடு பிடித்தது. ராகு காலம் முழுவதும் அப்படியே ஓடிப்போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆறு மணி தாண்டித் தலைவர் வந்தார். மாலையை வாங்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சற்றுத் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். முதலில் சிரித்தது ஹார்டுவேர் அங்கிள். அப்புறம் கூடமே சிரித்தது. தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாதமாக அத்தையைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அன்று அத்தையோடு சேர்ந்து சிரித்தார்கள். அத்தையின் புகாரை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி எண்ணிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அங்கிளே எழுந்து சொல்லிவிட்டார்.

முதலில் அங்கிளுக்குக் கை தூக்கினார்கள். இந்த முறை அவரும் கடைத்தெரு முழுவதையும் கூட்டி வந்திருந்தார். அடுத்தது அத்தைக்கு. அதே சபாரிக்காரர்தான் எண்ண வந்தார். தூர நின்று எண்ணிப் பார்த்தார், சரிவரவில்லை. கீழே இறங்கி வரிசைக்குள் நுழைந்து ஒவ்வொருவர் முன்னாலும் நின்று விரலை நீட்டி எண்ணினார். ஏக், தோ, தீன், சார். மாமியின் கையில் பட்டாணித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவள் கையை இறக்கவில்லை.

அத்தை மேடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கை குறைவு. அத்தை மறுபடியும் தோற்றுப்போனாள்.

நான் காத்திருந்தேன். இப்போது அத்தை ஏதாவது சொல்வாள், மறுபடி எண்ணச் சொல்வாள் என்று. அவள் நேராக அங்கிளிடம் போய்க் கும்பிட்டு, அடுத்த கூட்டம் எப்போது, நேரத்தை முன்னதாகவே சொல்லிவிடுங்கள், என் ஆட்கள் நாலு மணிக்கே வந்துவிடுவார்கள் என்றாள். சபாரிக்காரர், ஜி தீதி என்றார். மாமி அந்தப் பழைய கற்கண்டு டப்பாவைத் திறந்து அங்கிளிலிருந்து ஆரம்பித்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு இரண்டு கிடைத்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பெண்கள் முன்னால் இரைந்து பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். மாமா பிளாஸ்கோடு பத்தடி தள்ளி, யாரோ போல வந்தார். அத்தை பட்டாணியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக நடந்தாள். தோற்றுவிட்டுச் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

“அத்தே, இன்னொரு கம்ப்ளைன்ட் குடுங்க. அந்த சபாரி அங்கிள் தப்பா கவுன்ட் பண்ணிட்டார். நீங்களும் பாத்துட்டே இருந்தீங்கள்ல?”

“இல்லடி. ஒரு கை விடாம எண்ணிட்டாரு” என்றாள் அத்தை. சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோற்றதற்காகத்தான் அழுகிறாள், பாவம் என்று நினைத்து, எனக்குக் கிடைத்த கற்கண்டில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்.